விசாரிக்க வந்த வீடு

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு ஏஜெண்டை யாரும் நம்புவதில்லை. பேப்பரில் வருகிற விளம்பரத்தையும் நம்ப மாட்டார்கள், வாட்ஸப்பில் கோட்டு சூட்டோடு வந்து பேசுகிற ஆளையும் நம்ப மாட்டார்கள். அதற்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே போனவன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த வீட்டுக்கே போய்விடுவார்கள். கையில் ஒரு பை ஆப்பிள், முகத்தில் கொஞ்சம் வெட்கம். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பெற்றவளின் முகத்தைப் பார்ப்பார்கள். பையன் நல்லா இருக்கானா என்று கேட்பார்கள். அவள் சிரித்தால் பெட்டி கட்டலாம், இழுத்தால் வேண்டாம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சோதனை கிடையாது என்று சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியா பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது கொல்லைப்பக்கமாக ஓடிவிடலாமா என்று நான் பார்த்தது அதனால்தான்.

என் பெயர் மலிகா. சிதம்பரத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. வாய் ஜாஸ்தி என்று ஊரெல்லாம் பேர். வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுகிறவளிடம் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? அனுப்பிரியாவும் என்னிடம் கற்றவள்தான். பிரேக்கைப் பிடி என்றால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். அவள் புருஷன் ராஜ்கமலும் என் தம்பி முஹம்மது ஆசிக்கும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. ஆசிக் வெளிநாடு போய்விட்டான். ராஜ்கமல் கடலூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு, இந்த வருடம் நிரந்தரம் செய்வார்கள், அடுத்த வருடம் செய்வார்கள் என்று காத்திருந்து அலுத்துப்போயிருந்தான். இப்போது அவனுக்கும் ஆசிக் இருக்கிற இடத்திலேயே வேலை கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை விமானம். பொண்டாட்டி எங்கள் வீட்டில் விசாரித்துவிட்டு வந்து சரி என்று சொன்னால் கிளம்புவது என்று முடிவாம்.

அவளுக்கு நாங்கள் சொல்லப்போகிற பதிலில்தான் என் தம்பி வீடு திரும்புவதும் திரும்பாததும் இருந்தது. அது எப்படி என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் அத்தா, அப்பாதான், உயிரோடு இருந்தபோது, துபாயில் வேலை வாங்கித் தருகிறேன் என்ற ஒருவனிடம் பணம் கட்டி ஏமாந்தவர். அவர் போன பிறகும் வீட்டில் ஒரு விதி மட்டும் தங்கிவிட்டது. காசு கேட்கிறவன் திருடன். ஆசிக்குக்கு வேலை சொன்ன வைத்திலிங்கம் காசே கேட்கவில்லை. கடலூரில் மாடியில் ஏசி போட்ட சின்ன அறை, இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. “தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேல தம்பி. டிக்கெட்டு கம்பெனி போட்டுடும். எனக்கு உண்டானதையும் கம்பெனியே குடுத்துடும். ஒங்க வீட்டுலேர்ந்து ஒரு டீ கூட வாணாம்” என்றான். அம்மா உருகிவிட்டாள். பணம் வாங்காதவன் எதை விற்றுச் சாப்பிடுகிறான் என்று கேட்க எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் மூளை வேலை செய்யவில்லை. விற்கப்பட்டது என் தம்பி.

கொடுத்தது சுற்றுலா விசா. “அங்க போயி மாத்திக்கலாம், எல்லாரும் அப்டித்தான் போறாங்க” என்றான். விமான நிலையத்தில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். ஒழுங்கான வேலைக்குப் போகிறவன் எதற்கடா பொய் சொல்ல வேண்டும் என்று அந்த இடத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும். இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவளை நடுரோட்டில் நிறுத்திக் கேட்கிற வாய்தானே இது? அன்றைக்கு ஊமையாகிவிட்டது. இண்டர்வியூ என்று நடந்தது ஒரு வீடியோ கால். டைப் அடிப்பாயா, இங்கிலீஷ் பேசுவாயா, அதோடு முடிந்தது. வேலை ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் கூடக் கையில் வரவில்லை. வைத்திலிங்கம் அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜெண்டுதானா என்று போனிலேயே தேடிப் பார்த்திருக்கலாம். அதைச் செய்யாமல், எங்கள் ஊர் வழக்கப்படி ஏற்கெனவே போன பையனின் வீட்டைக் கேட்டோம். அவன் தயங்கவே இல்லை, உடனே சொன்னான். சேத்தியாத்தோப்பில் ராசம்மாள் என்கிற அம்மா, மகன் பெயர் இளவரசு.

நானும் அம்மாவும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ராசம்மாள் எங்களை உட்காரவைத்து டீ போட்டாள். அம்மாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, “எம்புள்ள ராசாவாட்டம் இருக்கான்மா. ஒங்க புள்ளயும் அப்டித்தான் இருப்பான். தைரியமா அனுப்புங்க” என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. பிள்ளையைப் பிரிந்த ஏக்கம் என்று நாங்கள் நினைத்தோம். திரும்பி வருகையில் பஸ்ஸில் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நல்ல மனுஷி என்று சொல்லிச் சொல்லி.

ஆசிக் போனான். தாய்லாந்தில் இறங்கியவனைக் காரில் ஏற்றி, எல்லையைத் தாண்டி, கம்போடியாவில் சுற்றிலும் மதில் எழுப்பிய ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வெகு நாளானது. அதுவரைக்கும் போனில் நல்லா இருக்கேன், சாப்ட்டேன், வேல டைட்டு என்று அளந்து பேசினான். சின்ன வயதிலிருந்து வளவளவென்று பேசுகிற பையன். வெளிநாடு போனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பெருமைப்பட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம், நான் ஒரு பெண்ணுக்கு யு-டர்ன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அழைத்தான். குரல் அடங்கியிருந்தது. அக்கா என்பதை எங்கள் வீட்டில் லாத்தா என்போம்.

“லாத்தா, குறுக்க பேசாம கேளு. ஆளு வந்தா கட் பண்ணிடுவேன்.”

வேலை என்னவென்று அன்றைக்குத்தான் சொன்னான். பெண் பெயரில், பெண் போட்டோ வைத்து, நம் ஊர் ஆட்களிடமே இனிக்க இனிக்கப் பேசி, லாபம் வரும் என்று பணம் போட வைத்துச் சுருட்ட வேண்டும். தினமும் இத்தனை பேர் என்று கணக்கு. குறைந்தால் சோறு கிடையாது. உச்சி வெயிலில் கட்டடத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். விழுகிற வரைக்கும் ஓட வேண்டும், விழுந்தால் கரண்ட் குச்சி. அப்படி விழுந்த ஒரு பெங்காலிப் பையன் எழுந்திருக்கவே இல்லையாம்.

“வெளிய விடணும்னா ஆளுக்கு ஆள் கேக்குறாங்க லாத்தா. நா ஒருத்தனக் கொண்டாந்தா என்ன விட்டுடுவாங்க. ராஜ்கமல்கிட்ட பேசிட்டேன். அவன் வர்றேன்னுட்டான். வீட்டுக்கு விசாரிக்க வருவாங்க. நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

“டேய், அவன் ஒன் பிரண்டுடா.”

“தெரியும்” என்றான். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. கடைசியில், “போலீசு அது இதுன்னு போயிடாதீங்க. தெரிஞ்சா வேற கட்டடத்துக்கு வித்துடுவாங்க. அங்க போனவன் போன்ல கூட கெடைக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

நான் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கற்றுக்கொள்ள வந்த பெண் வண்டியைப் பிடித்துக்கொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று முழித்தாள்.

மறுநாள் சேத்தியாத்தோப்புக்குப் போனேன். ராசம்மாளை நாலு பேர் பார்க்க நடுத்தெருவில் இழுத்துப்போட்டு நாறடிக்க வேண்டும் என்ற வெறியில்தான் போனேன். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் உள்ளே இளவரசு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராசம்மாள் காட்டிய போட்டோவில் பார்த்த முகம் பாதியாகியிருந்தது. நான் ஆசிக்கின் அக்கா என்றதும் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விட்டான்.

ராசம்மாள் மறுக்கவில்லை. “ஆமா, பொய்தான் சொன்னேன். ஒந்தம்பி போனான், எம்புள்ள வந்தான்.”

“எங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னியே, நீ நல்லா இருப்பியா?”

“இருக்க மாட்டேன். அதுக்கு என்ன இப்ப? எம்புள்ள சோறு திங்கிறான்.”

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “நீயும் சொல்லிடும்மா. சொன்னா வுட்டுடுறாங்க. அதுல மட்டும் ஏமாத்துறதில்ல” என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் இருந்தது. அவள் மகன் வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. பொய் சொல்லியும் பிரயோசனமில்லை என்று அம்மாவிடம் சொல்லி முடித்திருப்பேன். அவன் வந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறானே!

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிக் ஓடியது, விழுந்தது, எதையும் மறைக்கவில்லை. அம்மா திரும்பக் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பையன் வீட்டுக்கு வந்துட்டானா?”

“வந்துட்டான்.”

“அப்ப நாமளும் சொல்லிடுவோம்.”

“ராஜ்கமலும் ஒங்கையால சாப்ட்ட புள்ளதானேம்மா. நோம்புக் கஞ்சிக்கு நம்ம வீட்டுலயே கெடப்பானே.”

“நா இல்லன்னு சொல்லலியே” என்றாள் அம்மா. “நா பெத்தது அங்க கெடக்குது. மத்தத அல்லாகிட்ட நா பேசிக்கிறேன்.”

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில், சரி, சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் ஓடியது. ராஜ்கமல் ஆம்பிளை, எப்படியாவது சமாளிப்பான். அவனும் வேறொருத்தனைக் காட்டிவிட்டு வந்துவிடுவான். இப்படியெல்லாம் யோசித்தேன். யோசிக்கும்போது ஆசிக்கின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. ராஜ்கமலின் முகத்தை நினைத்துப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, அனுப்பிரியாவும் வந்தாள். ராஜ்கமலுக்கு அன்றைக்கு ஷிப்ட். அம்மா பெருநாளைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். சமோசா பொரித்து வைத்திருந்தாள். அனுப்பிரியா பையைக் கொடுத்துவிட்டு, சேரின் விளிம்பில் உட்கார்ந்து, எங்கள் சுவர், பேன், அம்மாவின் புடவை என்று மெதுவாகப் பார்த்தாள். நாங்கள் ராசம்மாள் வீட்டில் பார்த்த அதே பார்வை.

“அம்மா, அண்ணன் நல்லா இருக்காரா? போன்ல இவருகிட்ட சொன்னாருதான். இருந்தாலும் ஒங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டு வாடின்னாரு.”

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “அவனுக்கென்னம்மா, நல்லா இருக்கான். ஒம்புருஷனும் போனா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருப்பாங்க. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்று சொல்லி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அனுப்பிரியாவின் தோள் இரண்டும் இறங்கின. அத்தனை நாள் சுமந்துகொண்டிருந்த பயத்தை இறக்கி வைத்துவிட்டு சமோசாவை எடுத்தாள். அவள் அதைக் கடிப்பதற்குள் என் வாய் திறந்துகொண்டது.

“பொய், அனு. ராஜ்கமல அனுப்பாத. அங்க வேலையும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது. ஆசிக்கப் புடிச்சி அடைச்சி வச்சி அடிக்கிறாங்க. இவன் போனாத்தான் அவன விடுவாங்களாம். அதுக்குத்தான் எங்கம்மா பொய் சொல்றாங்க.”

அனுப்பிரியா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா சிரிப்பை இறக்கவே இல்லை.

“இவ கெடக்குறா. அவ தம்பி மட்டும் சம்பாரிக்கணும், அடுத்தவன் போயிடக் கூடாது. இவளுக்குப் பொறாம புடிச்ச புத்தி.”

ஒரே வீட்டில் இரண்டு பதில். இந்த ஊர்ச் சோதனையில் அதற்கு வழி சொல்லி வைக்கவில்லை. அனுப்பிரியா சமோசாவைத் தட்டில் வைத்தாள். “அக்கா, அவரு நாலு காசு பாத்தா ஒங்களுக்கு என்னக்கா?” என்றாள். “அங்க அவ்ளோ கஷ்டம்னா இத்தினி நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க?”

அவள் அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன். எழுந்து போனை எடுத்து ஆசிக்கை அழைத்தேன். அம்மா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். எதற்காக அவனை அழைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழி என் தலையில் வேண்டாம், அவனே சொல்லட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. விசாரிக்கிற நாள் என்று அங்கேயும் தெரிந்திருக்கும்போல, உடனே எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அனு வந்திருக்கா. ராஜ்கமல் வரலாமான்னு கேக்குறா. நீயே சொல்லு.”

போனை அவள் பக்கம் நீட்டினேன். அவள் குனிந்து, பெரியவர்களிடம் பேசுகிற பணிவோடு பேசினாள்.

“அண்ணே, நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேம்மா. இங்க நல்ல வேல, நல்ல சாப்பாடு.” எழுதிவைத்ததைப் படிக்கிற குரல். பின்னால் நிறையப் பேர் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து ஓதினாள்.

“சரிங்கண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவருக்கு வீசிங் இருக்குது, ஒங்களுக்குத் தெரியாததா? மாடி ஏறுனாலே இழுக்குது. அங்க ஓடியாடுற வேல ஒண்ணும் இல்லியே?”

டைப் அடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று அனுப்பிரியா போனை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே? இன்ஹேலரு குடுத்துதான் அனுப்புறேன். கொஞ்சம் பாத்துக்குவீங்கல்ல?”

“அனுப்பாதம்மா” என்றான்.

“என்னண்ணே?”

“அவன அனுப்பாத. அவனால இங்க ஓட முடியாது. செத்துடுவான்.” இப்போது அது என் தம்பியின் சொந்தக் குரலாக இருந்தது, வளவளவென்று பேசுகிற குரல். “டிக்கெட்ட கிழிச்சிப் போடச் சொல்லு. லாத்தா சொல்றதக் கேளு. அம்மா, நீ அழு—”

யாரோ ஒருவன் தமிழிலேயே கத்தினான். நாற்காலி விழுந்தது. ஆசிக் ஒரு முறை அலறினான். பிறகு இணைப்பு அறுந்தது.

அம்மா என்னை அடித்தாள். கன்னத்தில், தோளில், கை போன இடத்திலெல்லாம். நான் தடுக்கவில்லை. அனுப்பிரியா நடுவில் வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்கம்மா, மன்னிச்சிடுங்கம்மா” என்று அழுதாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மறுநாளே ராஜ்கமல் வந்து என்னைக் கடலூருக்குக் கூட்டிப்போனான். போலீசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டார்கள், தூதரகத்துக்கும் தகவல் போனது. வைத்திலிங்கத்தின் மாடி அறை பூட்டிக் கிடந்தது. கட்டடத்தின் பெயர் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள், அதுவும் தெரியவில்லை. ஆசிக்கின் எண் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. வேறு கட்டடத்துக்கு விற்றுவிட்டார்களா, அந்த பெங்காலிப் பையனைப்போல விழுந்து கிடக்கிறானா, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பெண்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போகிறான், புருஷன் போகிறான் என்று எவளாவது ஆரம்பித்தால், ஏற்கெனவே போனவன் வீட்டில் போய்க் கேட்காதே, விசாவைக் காட்டு என்று வண்டியை நிறுத்திவிட்டுக் கத்துகிறேன்.

ராஜ்கமல் சிப்காட் வேலைக்கே போய்க்கொண்டிருக்கிறான். லீவு கிடைக்கிற நாளில் என்னோடு கடலூருக்கு வந்து அலைகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, மோட்டார் ரிப்பேர், கேஸ் சிலிண்டர் என்று ஏதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். அம்மா அவனோடு பேசுவதில்லை. டீ மட்டும் வைப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை டீயை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அவன் எதிரிலேயே நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவன் டீயை ஆற்றிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ போயிருந்தா எம்புள்ள இந்நேரம் வீட்டுல இருப்பான்” என்றாள்.

“ஆமாம்மா” என்றான் ராஜ்கமல்.

அம்மாவைத் திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.